தகரத்துண்டும் பற்றுச்சீட்டும்: மன்னார்க் கரையில் ஓர் ஆளணி வரலாறு

நண்பர் ஒருவரின் மகள் மன்னாரில் ஆளணி உத்தியோகத்தராகப் பணிபுரிகிறார். அத்துறையினர் கூடிய உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் அவர் உறுப்பினர். புதிய உறுப்பினர் சேர்க்கை, பயிற்சிப் பட்டறை, தொழிற்சட்டத் திருத்தங்கள் என்று சங்கச் செய்திகளை அவ்வப்போது எனக்கும் அனுப்பிவைப்பார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "மாமா, எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் மனிதவள முகாமைத்துவத்தின் வரலாறு பற்றி நான் பேச வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்டார்.

பாடநூல்கள் இங்கிலாந்திலிருந்து தொடங்கும். 1913-இல் யோர்க் நகரில் தொழிற்சாலை நலன்புரி அலுவலர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அதன் வழித்தோன்றலே இன்று பிரித்தானியாவில் இயங்கும் பட்டய நிறுவனம். இலங்கையில் ஆளணி முகாமைத்துவ நிறுவனம் 1959-இல் தோன்றிற்று. இவை சரியான செய்திகளே. ஆயினும் மன்னாரில் இருந்துகொண்டு யோர்க்கிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? "நீ இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கு, அம்மா. தலைமன்னார் இறங்குதுறைக்கு ஒருமுறை போய்வா" என்றேன். அவருக்கு நான் சொன்னதை வாசக அன்பர்களுக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஆள் சேர்த்தல், பதிவேடு வைத்தல், முன்பணம் கொடுத்தல், சேவையிலிருந்து விடுவித்தல் ஆகிய நான்கும் ஆளணித்துறையின் அடிப்படை வேலைகள். இந்த நான்கையும் இலட்சக்கணக்கான மனிதர்மீது ஒரு முதலாளிமார் சங்கம் நடத்திப் பார்த்தது. அதன் வழி மன்னார்க் கரையூடாகச் சென்றது.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம் முதலிய துறைகளிலிருந்து தோணியேறிய தமிழ்நாட்டு உழைப்பாளர் தலைமன்னார், அரிப்பு, வங்காலைப் பக்கங்களில் கரையிறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியே மாத்தளைவரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கால்நடைப் பயணம். குடிநீர் அரிதான, காய்ச்சல் மிகுந்த காட்டுவழி அது. வாந்திபேதி வந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மாண்டிருக்கலாம் என்று 1849-இல் கொழும்பு ஒப்சேர்வர் ஏடு கணக்கிட்டது. இது மதிப்பீடே. மாண்டோரைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்தவர் எவருமிலர்.

1854-இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் உருவாயிற்று. தொழிலாளரைத் திரட்டும் வேலை நெடுங்காலம் கங்காணிகள் கையிலேயே இருந்தது. தோட்டத்தில் முன்பணம் பெற்றுக்கொண்டு சொந்த ஊருக்குச் செல்லும் கங்காணி, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவான். வழிச்செலவு, அரிசி, கம்பளி யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் 'தலைக்காசு' உண்டு. ஆகவே ஆள் குறைந்தால் அவன் வருமானமும் குறையும்.

1904-இல் துரைமார் சங்கம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையகமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகத்தை நிறுவியது. யோர்க் கூட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. தமிழ் மாவட்டங்களில் அதற்கு முகவர் நிலையங்கள் இருந்தன. ஆட்களைச் சேர்ப்பது, கங்காணிகளுக்குப் பணம் வழங்குவது, பயணத்தை ஒழுங்கு செய்வது ஆகியவற்றை ஓர் அலுவலகத்தின் கீழ்க் கொணர்ந்தமையால், இன்றைய சொல்லில் அதனை ஒரு தொழில்துறை முழுமைக்குமான ஆளணித் திணைக்களம் எனலாம்.

அக்காலத்தின் விந்தையான சாதனம் தகரத்துண்டு. தோட்டத்தை அடையாளங்காட்டும் குறியும் எண்ணும் பொறித்த சிறு உலோகத் தகடு அது. தகட்டை வைத்திருப்பவரை உரிய தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுச் செலவை அத்தோட்டத்தின் கணக்கில் பற்றெழுதுவார்கள். எழுத்தறியாத பயணி வழி தவறாமல் போய்ச்சேர அது உதவியது என்பது உண்மை. அத்தகட்டில் மனிதனின் பெயருக்கு இடமில்லை என்பதும் உண்மையே.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரை புகையிரதப் பாதை அமைந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும் தொடங்கிற்று. மண்டபம் முகாமில் சில நாள் தடுத்துவைத்து, அம்மை குத்தி, உடைகளைக் கிருமிநீக்கி அனுப்பினார்கள். காட்டுவழி மரணங்கள் பழங்கதையாயின.

ஆனால் கடன் பழங்கதையாகவில்லை. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அவனது கடனைச் செலுத்தினால் விடுவிப்பேன் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இதுவே 'துண்டு' முறை. புதிய தோட்டம் பழைய கடனைத் தீர்த்து, அத்தொகையை அவன் பெயரில் மறுபடி எழுதிக்கொள்ளும். தோட்டங்கள் ஆளுக்காகப் போட்டியிடப் போட்டியிடக் கடன் பெருகிற்று. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 1922-இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், 1923-இன் இலங்கைச் சட்டம், கண்டியில் இந்திய அரசின் முகவர், 1927-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என அடுத்தடுத்து மாற்றங்கள் வந்தன.

இவ்விடத்தில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை நேரிற் கண்டவர். 'தேசபக்தன்' ஏட்டின் வழியாகவும், 1931-இல் அமைத்த தொழிற்சங்கத்தின் வழியாகவும் அவர் துரைமாரையும் பெரிய கங்காணிகளையும் எதிர்த்தார். ஏட்டில் எழுதப்பட்ட கணக்கைத் தொழிலாளியின் பக்கம் நின்று வாசித்துக் காட்டியவர் அவர்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949-இன் சட்டப்படி விண்ணப்பித்தால் குடியுரிமை பெறலாம் என்றனர். திருமணமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும், 1946 தொடங்குமுன் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்தமையை நிரூபிக்க வேண்டும். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. ஆவணம் போதாது என்பது நிராகரிப்புக்கு ஒரு முக்கிய காரணமாயிற்று.

சற்று எண்ணிப் பாருங்கள். தகடு கொடுத்து எண்ணப்பட்டவர்கள் இவர்கள். விடியற்காலைப் பெரட்டில் நாள்தோறும் எண்ணப்பட்டவர்கள். செக்ரோலில் அரைப்பேர், முழுப்பேர் என்று பிசகாமல் எழுதப்பட்டவர்கள். இத்துணை எண்ணப்பட்ட ஒரு சமூகத்திடம், நீ இங்கே வாழ்ந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டபோது, கையில் காட்ட ஒரு தாளும் இல்லாதவர் பலர். கணக்கு முழுவதும் கடன்கொடுத்தவருக்காக எழுதப்பட்டது. எழுதப்பட்டவரிடம் அதன் படி இருக்கவில்லை.

1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தமையால், கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கே ஓடியது. பாட்டன் வந்திறங்கிய தலைமன்னாரிலேயே பேரன் 'இராமானுஜம்' கப்பலேறினான். போர் மூண்டபின் 1980களில் அக்கப்பலும் நின்றது. 1990-இல் தடைப்பட்ட புகையிரதப் பாதை 2015-இல் மீளத் திறக்கப்பட்டது. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை 28-இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் பழைய வழியே மாத்தளையை அடைந்தது.

நண்பரின் மகள் நான் சொன்னபடி இறங்குதுறைக்குப் போய்வந்தார். உடைந்த பாலத்தின் தூண்களும் கடற்காற்றும் தவிர அங்கே பார்க்க அதிகமில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தார். "மாமா, எங்கள் அலுவலகத்தை விட்டு விலகுபவர்கள் கேட்டால்தான் சேவைச் சான்றிதழ் கொடுக்கிறோம். கேட்கத் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதில்லை. துப்புரவுப் பணியாளர்கள் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "கூட்டத்தில் அதையும் சொல்லப்போகிறேன்" என்றார்.

அதுவே பேச்சுக்கு நல்ல முடிவு என்றேன். வேறொன்றும் சேர்க்கத் தோன்றவில்லை.