வேதாளையில் விட்டுப்போன பாதி

புதுமடத்திலிருந்து கடலோரமாகவே கிழக்கே போனால், மண்டபத்துக்கு முன்னால் வேதாளை வரும். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்று எல்லாரும் ஒரே மன்னார் வளைகுடாவை நம்பிப் பிழைக்கும் கரை இது. 1549இல் இங்கேதான் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியாரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று அந்தச் சபை அவரைச் சொல்கிறது. ஆனால் பேரைச் சொன்னால் "யாரு அவரு?" என்றுதான் கேட்பார்கள். இதே மாவட்டத்து ஓரியூரைச் சொல்லிப் பாருங்கள், "அருளானந்தரா?" என்று உடனே பதில் வரும்.

ஒரு கதை நின்றது, இன்னொன்று ஏட்டோடு தங்கிவிட்டது. ஏன்?

இந்தக் கரையில் விசுவாசம் முதலில் வாய் வழியாகத்தான் பரவியது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழில் எழுதவைத்து மனப்பாடம் செய்தார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் வேலை. அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகும் அது நடக்க, ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். கேட்கிறவரே சொல்கிறவராகவும் ஆகிவிட்டார்.

கிரிமினாலி முத்துக்குளித்துறைப் பணியின் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் என்றீக்கே என்றீக்கஸ். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையது. 1586இல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய நூலையும் கொண்டுவந்தார். புனிதர்களின் கதைகளைத் திருநாளுக்குத் திருநாள் சொல்ல ஏற்ற புத்தகம் அது. புனிதர் பட்டம் கிடைக்காத கிரிமினாலிக்கு அப்படி ஒரு திருநாள் கிடையாது. நாள் இல்லாத கதையை எந்த நாளில் சொல்வது?

அருளானந்தருக்கு நாளும் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பப்படும் மணலை மக்கள் முடிந்துகொண்டு போகிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளை "இது என்ன மண்ணு?" என்று கேட்டால் போதும், கதை தொடங்கிவிடும். 1947இல் ரோம் புனிதர் பட்டம் கொடுத்தது. ஆனால் மண்ணைக் கையில் எடுத்தவர்கள் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே கதையைக் காப்பாற்றி வந்தார்கள்.

இதிலிருந்து "கதைகளை மறக்காமல் சொல்லிக்கொடுப்போம்" என்று முடித்துவிடலாம். பிரசங்கத்துக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது.

வேதாளைக் கதையின் முன்பாதியைப் பாருங்கள். அங்கே போர்த்துக்கீசியர்கள் காவல்படை வைத்திருந்தார்கள். ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களை வழிமறித்து வரி கேட்டார்கள். சாமி கும்பிடப் போகிறவனிடம் காசு பிடுங்கினால் கோபம் வராதா? வடுகப் படை திரண்டு வந்தது. காவல்படை கடலில் நின்ற கப்பலைப் பார்த்து ஓடியது. கிரிமினாலியும் ஏறித் தப்பியிருக்கலாம். பரதவப் பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிடக் கரையிலேயே நின்றார்.

வரியை விட்டுவிட்டுச் சொன்னால், இது "அஞ்ஞானிகள் ஒரு சாமியாரைக் கொன்ற கதை". வரியோடு சேர்த்துச் சொன்னால், தன் மதத்துக்காரர்களே செய்த அநியாயத்தின் விலையை எளிய மக்கள் தலையில் கட்டாமல், தானும் அவர்களோடு நின்று கொடுத்த ஒருவரின் கதை. செத்தவர் ஒருவரே, கதை இரண்டு. முதல் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை பக்கத்துத் தெருக்காரனை ஒருவிதமாகப் பார்க்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை வேறுவிதமாகப் பார்க்கும்.

ஓரியூர்க் கதையிலும் இப்படி ஒரு பாதி உண்டு. திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் முறையிட்டதில்தான் விஷயம் பற்றிக்கொண்டது. கதையில் அவள் வில்லி. ஆனால் ஒரே நாளில் வீட்டையும் மரியாதையையும் இழந்து நின்ற பெண்ணாகவும் அவளைப் பார்க்க முடியும். அப்படிப் பார்ப்பதால் அருளானந்தரின் தியாகம் சின்னதாகிவிடாது.

பேதுரு மும்முறை மறுதலித்ததையும், சீடர்கள் ஓடிப்போனதையும் சுவிசேஷங்கள் மறைக்காமல் சொல்கின்றன. தன் பக்கத்துத் தவறையும் சேர்த்தே சொல்லும் வழக்கம் இந்த மதத்தின் அடிப்படை நூலிலேயே இருக்கிறது. வேதாளையில் வரி வாங்கியவர்களையும் பெயரில்லாமல் படகேறிய பெண்களையும் விட்டுவிட்டு, குத்துப்பட்டவரை மட்டும் நினைவில் வைப்பது அந்த வழக்கத்துக்கே விரோதம்.