ஒரு போட்டோ என்ன விலை? - கிளிக் த்ரீயிலிருந்து ஸ்ரீசிட்டி வரை

நான் பி.காம். படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வங்கி வேலை. எதைக் கையில் எடுத்தாலும் 'இதன் அடக்க விலை என்ன?' என்றுதான் முதலில் புத்தி போகும். இதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் உண்டு :-) இந்தத் தடவை அந்தக் கேள்வியை போட்டோவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு படம் எடுக்க அன்று என்ன செலவு, இன்று என்ன செலவு? எங்கள் சித்தூர், திருப்பதி பக்கத்துக் கதையோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் 'கோடக்' என்ற பெயரில் ஒரு பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள் போட்டே கொடுத்துவிடுவார்கள். எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு, படங்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஆக, படம் ஒன்றுக்கு 10 சென்ட். அந்தக் காலத்தில் இது வசதியானவர்கள் விளையாட்டு. 1900-ல் அதே கம்பெனி 'பிரௌனி' என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை ஒரே ஒரு டாலருக்கு விட்டது. சிறுவர்களைக் கூட மனதில் வைத்துச் செய்த காமிரா. ஃபிலிம் 15 சென்ட்.

ஒரு டாலருக்குக் காமிரா விற்றால் என்ன லாபம் என்கிறீர்களா? லாபம் காமிராவில் இல்லை, ஃபிலிமில் இருந்தது. ஷேவிங் ரேஸரை மலிவாகக் கொடுத்து பிளேடில் காசு பார்ப்பது போல. காமிரா என்பது ஒரு தடவை செய்யும் நிலையான செலவு. ஃபிலிமும் பிரிண்டும் ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் மாறும் செலவு. அடுத்த நூறு வருடம் உலகம் முழுக்க போட்டோத் தொழில் இந்த மாறும் செலவின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் அப்பாக்கள் காலத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டிய காமிரா என்றால் அது 'அக்ஃபா கிளிக் த்ரீ'தான். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. 120 என்ற அகல ஃபிலிமில் 12 சதுரப் படங்கள் விழும். ஃபோகஸ் செய்கிற வேலை எல்லாம் கிடையாது. வெயிலா, மேகமா என்று பார்த்து ஒரு நெம்புகோலைத் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டியதுதான். ஃபிலிமையும் இங்கேயே செய்வோம் என்று மத்திய அரசு 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் தொழில்நுட்பம். 1967-ல் உற்பத்தி ஆரம்பம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வந்தது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து போனது.

எங்கள் பெரியப்பா ரேணிகுண்டாவில் ரயில்வே வேலையில் இருந்தார். கிளிக் த்ரீ வைத்திருந்தவர் எங்கள் சொந்தத்திலேயே அவர் ஒருவர்தான். பொங்கலுக்குப் போட்ட ரோல் தீபாவளிக்குத்தான் முடியும். பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். யார் நிற்பது, யார் உட்காருவது, குழந்தை அழுது முடித்துவிட்டதா... அதனால்தானோ என்னவோ, அந்தக் காலத்துப் படங்களில் யாருமே சிரிப்பதில்லை.

1980, 90-களில் 35 மில்லிமீட்டர் ஃபிலிமும் கலரும் வந்துவிட்டன. ஃபோட்டோஃபோன் கம்பெனியின் 'ஹாட் ஷாட்', பிறகு கோடக் கேபி-10 எல்லாம் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தன. நான் கல்லூரியில் படித்த காலத்துச் சித்தூர்க் கணக்கு எனக்கு நினைவிருக்கிறது. 36 படத்துக்கான ரோல் சுமார் 100 ரூபாய். கழுவ 20 ரூபாய். பிரிண்ட் ஒன்றுக்கு 4 ரூபாய் வீதம் 144. மொத்தம் 264, அதாவது படம் ஒன்றுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். அதில் கண் மூடியது, தலை வெட்டுப்பட்டது, வெளிச்சம் புகுந்தது என்று ஐந்தாறு கழியும். தேறிய படத்துக்கு என்று பார்த்தால் ஒன்பது ரூபாய் கிட்ட வந்துவிடும். அப்போது கல்லூரி கேன்டீனில் ஒன்பது ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல!

வெளிநாட்டுக் காமிராவுக்கு ஆசைப்பட்டவர்கள் சென்னை பர்மா பஜாருக்குப் போவார்கள். இல்லாவிட்டால் சிங்கப்பூர் மாமா வரும்வரை காத்திருப்பார்கள். நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1-ல்தான் முழுதாக நீங்கின. வளைகுடாவிலிருந்து வருகிறவர் பெட்டியில் சென்ட் பாட்டிலும் காமிராவும் கட்டாயம் இருந்ததற்குக் காரணம் பகட்டு மட்டுமில்லை.

இந்த இடத்தில் திருப்பதியைச் சொல்லாமல் விட முடியாது. திருமலைக் கோயிலுக்குள் காமிராவுக்கு அனுமதி இல்லை. இன்று செல்போனுக்கும் இல்லை. கோடிக்கணக்கானவர்கள் ஆயுளில் மறக்காத இடம், ஆனால் அங்கே யாரும் தன் கையால் படம் எடுத்ததில்லை. அதனால் வளர்ந்தவைதான் யாத்திரைக்காரர்களை நம்பிய ஸ்டுடியோக்கள். ஏழுமலையும் கோபுரமும் வரைந்த படுதா, அதன் முன்னால் மொட்டையடித்து சந்தனம் பூசிய குழந்தை, இரண்டு பக்கமும் அப்பா அம்மா. தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுச் சுவரில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்! உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

இப்போது டிஜிட்டலுக்கு வருவோம். வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றிப் படிக்கும் சிசிடி சில்லை 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். இதற்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1975-ல் கோடக் கம்பெனியின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் ஒரு சிசிடியைக் கொண்டு முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். 100-க்கு 100 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 நொடி. ஃபிலிமில் கொழித்த கம்பெனியிலேயே ஃபிலிம் வேண்டாத காமிரா பிறந்தது! மாறும் செலவில் வாழ்கிறவன் அந்தச் செலவைப் பூஜ்யமாக்கும் கருவியை எப்படி மனமாரச் சந்தைக்கு விடுவான்? கோடக் டிஜிட்டலில் பல ஆராய்ச்சி செய்தது, காமிராக்களும் விற்றது. ஆனால் ஃபிலிம் லாபத்தைக் கைவிட மனம் வரவில்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நம் ஊட்டிக் கம்பெனி அதற்கு வெகு முன்பே, 1996-லேயே, நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

1994-ல் ஆப்பிள் விற்ற 'குவிக்டேக்' காமிராவின் விலை 749 டாலர். நல்ல தரத்தில் எட்டுப் படம்தான் நிற்கும். 1995-ல் வந்த கேசியோ கியூவி-10 பின்பக்கத்தில் சின்னத் திரையைக் கொடுத்தது. எடுத்த உடனே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். தேறாத படத்துக்குத் தண்டம் கட்டுவது அன்றோடு ஒழிந்தது.

இந்தியாவில் 2005 மார்ச் 1 அறிவிப்பின்படி டிஜிட்டல் ஸ்டில் காமிராக்களுக்கு அடிப்படைச் சுங்கவரி விலக்கு கிடைத்தது. அதே வருடம்தான் நான் வேலைக்காக மஸ்கட் வந்தேன். ரூவியில் கேனான் பவர்ஷாட் ஏ410 வாங்கினேன். அந்த வரிசையிலேயே மலிவானது. 3.2 மெகாபிக்சல், 3.2 மடங்கு ஜூம், ஒன்றரை அங்குலத் திரை, சாதாரண பென்சில் பேட்டரி இரண்டு. கூட வந்த 16 எம்பி அட்டையில் நல்ல தரத்தில் பத்துப் படம்கூட நிற்காது. தனியாக 256 எம்பி அட்டை வாங்கியபோது, என்னமோ நிலம் வாங்கிய மாதிரி இருந்தது.

முதல் விடுமுறையில் ஊருக்குக் கொண்டு போனபோது எங்கள் ஆயா கேட்டாள்: "ஏண்டா கண்ணு, ஃபிலிமு இல்லாமயே போட்டோ வருமா? அப்ப காசு?" காசு இல்லை ஆயா என்றேன். "அப்ப இன்னொண்ணு எடு" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். நூறு வருடத்துப் பொருளாதார மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்ல மாட்டார். காணிப்பாக்கம், சந்திரகிரிக் கோட்டை, தலகோனா அருவி என்று அந்த விடுமுறையில் மட்டும் நானூறு படத்துக்கு மேல் எடுத்தேன். பெரியப்பாவின் கிளிக் த்ரீக்கு அது முப்பத்து மூன்று ரோல்!

இதனால் ஊர் வரலாற்றுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். திருமலையில் கோயிலுக்கு எதிரே இருந்த ஆயிரங்கால் மண்டபம் 2003-ல் இடிக்கப்பட்டது. எங்கள் குடும்பத்தில் அந்த மண்டபத்துக்குச் சாட்சி ஒரே ஒரு படம்தான். பெரியப்பா எடுத்தது, பின்னால் நாலைந்து தூண்கள் தெரியும். அடுத்து காளஹஸ்தி. 1516-ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ஏழு நிலை ராஜகோபுரம் 2010 மே 26 இரவு சரிந்து விழுந்தது. விரிசல் பெரிதாகிறது என்று பக்கத்திலிருந்தவர்களை முன்பே அப்புறப்படுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை. அந்தச் செய்தி வந்தபோது எங்கள் சொந்தத்திலேயே நாலு வீட்டில் அந்தக் கோபுரத்தின் டிஜிட்டல் படங்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஏழே வருடம். அந்த ஏழு வருடத்தில்தான் காமிரா சாதாரணர் கைக்கு வந்து சேர்ந்தது. புதுக் கோபுரத்துக்கு 2017 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் ஆனது. பழையதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட இந்தப் படங்கள்தான்.

அந்த மலிவுக் காமிராவின் ராஜ்யமும் நீடிக்கவில்லை. ஜப்பானியக் காமிரா கம்பெனிகள் 2010-ல் உலகுக்கு அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. காரணம் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இதில் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 2015 ஆகஸ்டில் ஷவோமி தன் முதல் இந்தியத் தயாரிப்பான 'ரெட்மி 2 பிரைம்' போனை 6,999 ரூபாய்க்கு வெளியிட்டது. 8 மெகாபிக்சல் காமிரா. ஃபாக்ஸ்கான் அதைச் செய்த இடம் சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டி. சத்தியவேடு 1960 வரை சென்னை மாநிலத்தில் இருந்த பகுதி. எல்லைப் பிரிவினையில் திருத்தணி அங்கே போக, இது இங்கே வந்தது. அப்போது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். பரோடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காமிரா வரக் காத்திருந்த ஊர், காமிரா போனை நாடெங்கும் அனுப்பியது.

ஆக, படத்தின் அடக்க விலை பூஜ்யம் ஆகிவிட்டதா? அப்படித்தான் தோன்றும். ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒன்று தெரியும், செலவு மறையாது, வேறு தலைப்புக்கு மாறும். எடுப்பதில் மிச்சமான காசு இப்போது பாதுகாப்பதில் போக வேண்டியிருக்கிறது. பெரியப்பாவின் 1970-களின் நெகடிவ்களைப் போன வருடம் ஸ்கேன் செய்தேன். மயிரிழை கூடத் தெளிவாக வந்தது. 2005 முதல் 2009 வரையிலான படங்களை ஊரில் ஆறு சிடியில் பதிந்து வைத்திருந்தோம். அதில் இரண்டு இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. சிடியின் சாயப் பூச்சு காலப்போக்கில் கெட்டுவிடும், அதுவும் சித்தூர் வெயிலில். ஆயா 2011-ல் போய்விட்டாள். காளஹஸ்திக் கோபுரத்தின் முன்னால் அவள் நிற்கும் படம் அந்த இரண்டில் ஒன்றில்தான் இருந்தது. இன்று எங்கள் கையில் அது இருப்பதற்கு ஒரே காரணம், அப்பா அதை அப்போதே லேப்பில் ஐந்து ரூபாய் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வைத்ததுதான். ஐந்து ரூபாய்! பழைய கணக்குப்படி பார்த்தாலும் மலிவு.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஜேபெக் என்ற கோப்பு முறை 1992-ல் தரப்படுத்தப்பட்டது, இன்றும் எல்லா இடத்திலும் திறக்கிறது. சிடி கெட்டாலொழிய படம் கெடவில்லை. தேதியும் நேரமும் ஒவ்வொரு படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும் (பேட்டரி மாற்றும்போது கடிகாரம் பிசகாமல் இருந்திருந்தால்!). பெரியப்பா படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதியதைக் காமிரா தானே எழுதிக்கொண்டது. ஆனால் நிற்பது யார் என்று எந்தக் காமிராவும் எழுதாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது பாதிக்குமேல் இந்தப் படங்கள்தான். இந்த வார விடுமுறையில் பரணில் கிடக்கும் 2000-களின் சிடிகளை எடுத்து, திறக்கிறவரை திறந்து, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். அதில் இருபது படத்தைத் தேர்ந்து பிரிண்ட் போடுங்கள். ஊரில் பெரியவர்கள் இருந்தால் போனில் கூப்பிட்டு, படத்தில் இருப்பவர் பெயர்களைக் கேட்டுப் பின்னால் எழுதிவிடுங்கள். பென்சில் போதும்.