கணினியின் கணக்கப்பிள்ளை

ஊவாத் தோட்டங்களில் காலைப் பெரட்டு எவ்வாறு நடைபெறும் என்பதை மலையக மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. துரையின் கட்டளை நேராகத் தொழிலாளியைச் சென்றடைவதில்லை. கணக்கப்பிள்ளை இடையே நின்று, இன்ன மலைக்கு இத்தனை பேர் என ஆள் பிரித்து, பேர் பதிந்து, கணக்கும் வைத்துக் கொள்கிறார். கணினியினுள்ளும் இத்தகைய இடையாள் ஒருவர் உண்டு. விசைப்பலகையில் நாம் அழுத்துவதை ஏற்று, நினைவகத்தையும் வன்தட்டையும் திரையையும் வேலைக்கு ஏவி, எந்தப் பணிக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் என்று பங்கிடும் அந்த மென்பொருளையே பணிசெயல் முறைமை என்கிறோம்.

கணக்கப்பிள்ளைக்கு நம் மொழி தெரியுமா, நாம் வேறிடம் செல்ல விரும்பினால் அவர் வழிவிடுவாரா என்பன தொழிலாளிக்கு எவ்வளவு முக்கியமோ, கணினியை வாங்குவோர்க்கும் அவ்வளவு முக்கியம். இவ்விரு கேள்விகளையும் கொண்டே பணிசெயல் முறைமைகளின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

1981 ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது சிறு கணினியை விற்பனைக்கு விட்டபோது, பணிசெயல் முறைமையை வாங்குவோரே தெரிவு செய்ய இடமிருந்தது. மைக்ரோசொப்ட் வழங்கிய டொஸ் முறைமையின் விலை 40 டொலர். கேரி கில்டாலின் நிறுவனம் ஆக்கிய சி.பி.எம்.-86, அடுத்த ஆண்டு வெளிவந்தபோது 240 டொலராக இருந்தது. மலிவானதையே மக்கள் வாங்கினர். மக்கள் வாங்கியதற்கே மென்பொருள்கள் எழுதப்பட்டன. மென்பொருள்கள் மிகுந்திருந்ததையே பின்வந்தோரும் வாங்கினர். 1995 இல் விண்டோஸ் 95 வெளிவந்த காலத்தில், தெரிவு என்ற ஒன்று இருந்ததையே பலரும் மறந்துவிட்டனர். பதுளை, பண்டாரவளை, பசறைப் பகுதி வீடுகளுக்குக் கணினி வந்தபோதும், கடைக்காரர் ஏற்றிக்கொடுத்ததே கணினி என்ற நிலைதான் காணப்பட்டது. அவ்வாறு ஏற்றப்பட்ட பிரதிகள் பலவற்றுக்கு உரிமமும் இல்லை. மென்பொருளைப் பாதுகாக்கும் புலமைச் சொத்துச் சட்டமோ 2003 ஆம் ஆண்டு முதலே நம் நாட்டில் உண்டு.

இனி மொழியின் கதையைப் பார்ப்போம். பழைய முறைமைகளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களை நம்மவர் கையாண்டனர். இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி அவ்வகையைச் சேர்ந்தது. அதனால் பத்திரிகைகளும் பாடசாலை வினாத்தாள்களும் அச்சேறின என்பதை மறுக்க இயலாது. எனினும், அதில் எழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றின.

இவ்விடத்தில் தோட்ட வரலாற்றில் இருந்த துண்டு முறையை நினைவுகூர்தல் பொருந்தும். தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டே துண்டு. அக்கடனைப் புதிய தோட்டம் ஏற்றாலன்றி அவர் இடம் மாற இயலாது. அம்முறை 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. மனிதர் பட்ட துன்பத்தோடு எழுத்துக்குற்ற தடையை ஒப்பிட முடியாது. ஆயினும், ஓர் எழுத்துருவுக்குள் அகப்பட்ட தமிழும் பிறந்த இடத்தை விட்டு அசைய முடியாமலே கிடந்தது.

அத்தடையை நீக்கியது யுனிகோட் என்னும் பொதுக் குறிமுறையாகும். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றுத் தமிழை உள்ளிடவும் காட்டவும் வகை செய்தது. இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்த் தரம் 2008 இல் வகுக்கப்பட்டது. நம் நாட்டார் தட்டச்சில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பெற்றது.

அதே 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளோடு அது இணைந்து, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள முழுமையான முறைமையாயிற்று. அதன் திரைகளைத் தன்னார்வலர் பலர் தமிழாக்கினர். உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பின் இறுவட்டுகள், கேட்டவர்க்கெல்லாம் 2011 வரை தபாலில் இலவசமாக அனுப்பப்பட்டன. இணைய இணைப்பு எட்டாத இடங்களிலும் தபால் எட்டியது. 2009 இல் நம் நாட்டவரே ஹந்தான மலையின் பெயரால் ஒரு லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டனர்.

அங்ஙனமாயின் லினக்சையே எல்லோரும் கொள்ள வேண்டுமோ எனின், அவ்வாறு கூறுவதற்கில்லை. பிள்ளையின் படிப்புக்கோ அலுவலுக்கோ தேவையான மென்பொருள் விண்டோஸில் மட்டும் இயங்கக்கூடும். பழுது நேர்ந்தால் அருகிலுள்ளோர் அறிந்தது எது என்பதையும் கருத வேண்டும்.

ஆனால் இக்கேள்வி இப்போது பல வீடுகளின் வாயிலுக்கே வந்துவிட்டது. விண்டோஸ் 10 முறைமைக்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைமையோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் புதிய செயலியையும் வேண்டி நிற்கிறது. அவையில்லாத கணினி கெட்டுப்போனதன்று. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அதனை எறிந்துவிடுமுன், வேறொரு முறைமையை இட்டுப் பார்த்தல் தகும்.

அதற்கான ஒழுங்கு எளிதே. முதலாவதாக, படங்களையும் பத்திரங்களையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். இரண்டாவதாக, லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற தொகுப்பொன்றை அதன் உரிய தளத்திலிருந்து பெற்று, பென் டிரைவில் எழுதிக்கொள்ள வேண்டும். மின்டுக்கு 2 ஜிகாபைட் நினைவகமும், வன்தட்டில் 20 ஜிகாபைட் இடமும் குறைந்தபட்சத் தேவை. நினைவகம் 4 ஆயின் நன்று. மூன்றாவதாக, நிறுவாமலே அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, ஒலி, இணையம், அச்சுப்பொறி ஆகியன இயங்குகின்றனவா என்று சோதிக்க வேண்டும். இச்சோதனையால் வன்தட்டிலுள்ளவற்றுக்குக் கேடில்லை. திருப்தியாயின், விண்டோஸை அகற்றியோ அதன் அருகிலேயோ நிறுவலாம். அருகே நிறுவினால், கணினி விழிக்கும் ஒவ்வொரு முறையும் எது வேண்டும் என்று அது கேட்கும். இறுதியாக, மொழி அமைப்புக்குச் சென்று தமிழையும், கை பழகிய விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். இதனைச் செய்யாமல் விட்டால் மேலே சொன்ன முயற்சிகளின் பயன் நம்மை வந்தடையாது.

நேயர்களே, தமிழ் கணினிக்குள் தானாக நுழையவில்லை. குறிமுறை வகுத்தோரும், விசைப்பலகை அமைத்தோரும், ஊதியமின்றிச் சொற்களைத் தமிழாக்கியோரும் அதனை உள்ளே கொண்டு வந்தனர். அவர்கள் திறந்து வைத்த வழி, பதுளை மலைச்சரிவிலுள்ள லயத்து வீட்டுக் கணினிக்கும் உரியது. கடைக்காரர் ஏற்றிக்கொடுத்ததை வாங்கி வருமுன், நம் தேவை இன்னது என்று சொல்லிக் கேட்கும் வழக்கத்தை நாமும் மேற்கொள்வோமாக.