கோயிலுக்கா, கேம்புக்கா?

மண்டபத்துக் கடைத்தெருவில் தேநீர் வாங்கிக்கொண்டு நின்றபோது, கடைக்கார முதியவர் என் பேச்சை வைத்தே ஊரை அறிந்துகொண்டார். “சிலோன்லேருந்து வர்றீகளா தம்பி? கோயிலுக்கா, கேம்புக்கா?” என்றார். இலங்கையிலிருந்து வருவோர் அவ்விரண்டில் ஒன்றுக்கே வருவர் என்பது அவருடைய அனுபவம். ஒரு நூற்றாண்டு வரலாற்றை இத்தனை சுருக்கமாகச் சொன்னவர் வேறெவரையும் நான் சந்தித்ததில்லை.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள கடல் சுமார் 35 கிலோமீற்றர் அகலமுடையது. நான் சென்ற வேளையில் அவ்வழியே கப்பல் எதுவும் ஓடவில்லை. கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போய், பேருந்தில் கிழக்கு நோக்கி இராமநாதபுரத்தைக் கடந்துதான் இச்சிற்றூரை அடைய முடிந்தது. இங்கே நிலம் ஒடுங்குகிறது. ஒரு புறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அதற்கப்பால் பாம்பன் பாலம். பாலத்துக்கப்பால் இராமேஸ்வரத் தீவு.

பாலத்தைப் பற்றி நம் மாணவர் சிறிதேனும் அறிவர். 1914 பெப்ரவரி 24 ஆம் நாள் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 2 கிலோமீற்றர் நீளம். கப்பலுக்கு வழிவிட நடுவே பிளந்து உயரும் இரும்புக் கதவுகள். 2022 டிசம்பரில் அதன்மீது வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் பார்க்க அழகானதே. ஆனால், அதை எதற்காகக் கட்டினார்கள் என்னும் வினாவை வகுப்பறையில் நாம் எழுப்புவதில்லை. யாத்திரிகர் இராமநாதரைத் தரிசிக்கவேண்டும் என்ற கருணையினாலா ஆங்கிலேயர் கடலின்மீது இரும்பு பரப்பினர்?

தேயிலைக்கும் றப்பருக்கும் ஆள் வேண்டியிருந்தது. முந்தைய நூற்றாண்டிலே தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையில் இறக்கப்பட்ட நம் முன்னோர், வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெல்லாம் பிணங்களை விட்டுச் சென்றன. பின்னர் தூத்துக்குடிக் கப்பல் வழி வந்தது. அதற்கென அவ்வூருக்கு அண்மையில் தட்டப்பாறையில் ஒரு முகாமும் எழுந்தது. 1914 இல் தனுஷ்கோடி வரை புகையிரதமும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், மீண்டும் மலையடிவாரத்துக்குப் புகையிரதமுமாக ஒரே தொடர் அமைந்தது. போட் மெயில் என்று பெருமையோடு பேசப்படும் பயணம் இதுவே. சென்னையில் ஏறிய கனவான் கொழும்பில் இறங்கினான். தோட்டத்துக்குப் போகும் கூலியோ மண்டபத்தில் இறக்கப்பட்டான்.

இந்திய மண்ணிலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. தொற்றுநோய் இலங்கைக்குள் புகாதிருக்கவே என்றனர். அக்காரணம் முற்றிலும் பொய்யன்று. எனினும் கொள்ளைநோய் முதல் வகுப்புப் பெட்டியை மட்டும் விட்டுவிடுமா? உழவனும் அவன் மனைவி மக்களும் நாட்கணக்கில் அங்கே அடைபட்டிருந்தனர். துணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, அம்மை குத்தப்பட்டது. எந்தத் தோட்டம் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லை கழுத்திலே தொங்கியது. அந்த வில்லை முறை இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901 ஐ ஒட்டிப் புகுத்தப்பட்டது. பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பிறகு தொழிலாளியின் தலைமேற் கடனாக இறங்கியது. தேயிலைக் கொழுந்தைக் காணுமுன்னரே அவன் கடனாளி. என் பூட்டனும் பூட்டியும் இவ்வாறு வந்தவர்களே. பூட்டி தகர வில்லையை வெகுகாலம் பெட்டியில் வைத்திருந்தாளாம். ஏனென்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

1939 இல் இந்திய அரசு இவ்வகைத் தொழிலாளர் வெளியேற்றத்தைத் தடைசெய்தது. அத்துடன் முகாமின் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு, 975,000 பேரைப் பங்கிட்டனர்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாக்கப்பட்டனர். ஆடுமாடு பகிர்வோர்கூட இவ்வளவு எளிதாகக் கணக்கு முடிப்பதில்லை. பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் எழுதப்பட்ட அதே ஆண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு வழிமாறியது. ‘இராமானுஜம்’ என்னும் அக்கப்பலில் வந்தவர்கள் மண்டபத்துக்கே கொண்டுவரப்பட்டனர். மலைநாட்டு நிலையங்களிலே உறவினரைப் பிரித்துச் சென்ற வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். கூலியாய்ப் புறப்பட்ட வாசலிலேயே அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் புதுப் பெயரோடு இறங்கினர். எது தாயகம்? பலர் அந்தக் கரையை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர்.

1983 க்குப் பின் மூன்றாவது கூட்டம் வந்தது; இம்முறை வடக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும், தோணியில், இரவில். அவர்களுக்கும் மண்டபமே முதல் தங்குமிடம். 2022 இல் அரிசியும் எரிபொருளும் எட்டா விலைக்கேறியபோது கடல்கடந்த குடும்பங்களும் அங்கேயே சேர்க்கப்பட்டன.

முகாமைச் சாலையிலிருந்து பார்த்தேன். உள்ளே செல்ல அனுமதி இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. வரிசை வரிசையாக வீடுகள். நம் லயங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவை அந்நியமாய்த் தோன்றவில்லை. கொடியிலே பள்ளிச் சீருடைகள் உலர்ந்தன. இவ்வூருக்கு இரண்டு புகையிரத நிலையங்கள் உண்டு: ஒன்று மண்டபம், மற்றது ‘மண்டபம் கேம்ப்’. தற்காலிகமாய் எழுந்தது ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.

என் பாட்டியின் தங்கை 1970களில் இங்கே தங்கவைக்கப்பட்டாள். அப்போது பிறரைக்கொண்டு எழுதுவித்த கடிதமொன்று எங்கள் வீட்டில் உண்டு. மேலே ஊரின் பெயரில்லை. ‘காம்பு’ என்று மட்டுமே இருக்கிறது. கோத்தகிரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயும் தேயிலைதானாம், குளிரும் நம் மலையைப் போலத்தானாம், ஆகவே கம்பளியை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று அதிலே சொல்லியிருக்கிறாள்.