தீயணைப்பு வேலைக்கு ஆள் எடுப்பது யார்? நியூயார்க் சொல்லும் பாடம்



தீப்பிடித்தால் ஓடிவரும் வீரர் அந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று நாம் யோசிப்பதில்லை. அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இந்தக் கேள்வியோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது.

1865 வரை அங்கே தீயை அணைத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் குழுக்கள். ஆட்களைக் குழுக்களே சேர்த்துக்கொண்டன. துணிச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயை யார் முதலில் பிடிப்பது என்று தெருவிலேயே அடித்துக்கொண்டார்கள். குழுவின் செல்வாக்கு தேர்தலில் வாக்காகவும் மாறியது. ஊழலுக்குப் பேர்போன வில்லியம் ட்வீட், ‘அமெரிக்கஸ்’ என்ற 6-ஆம் எண் குழுவுக்குத் தலைவராக இருந்துதான் அரசியலில் ஏறினார்.

1865-இல் மாநிலச் சட்டமன்றம் குழுக்களுக்குப் பதிலாகச் சம்பளம் பெறும் துறையை அமைத்தது. அதை நடத்தும் ஆணையர்களை மாநில ஆளுநர் நியமித்தார். நகரத்தின் பிடி போயிற்று. 1870-இல் வந்த புதிய நகரச் சாசனம் அதிகாரத்தை நகரத்திடமே திருப்பித் தந்தது. அதை முன்னின்று நிறைவேற்றியவர் அதே ட்வீட்! அடுத்த ஆண்டே அவருடைய ஊழல் அம்பலமானது. 1878-இல் சிறையிலேயே இறந்தார்.

இதற்கிடையே நாடு முழுவதும் ‘வேண்டியவருக்கு வேலை’ என்ற வழக்கத்தின் மீது வெறுப்பு வளர்ந்தது. 1881-இல் பதவி கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டையே சுட்டான். 1883-இல் மத்திய அரசுப் பணிகளுக்குத் தேர்வு முறை வந்தது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலமும் குடிமைப் பணிச் சட்டம் இயற்றியது. 1894-இல் மாநில அரசியலமைப்பே, நகரப் பணிகளுக்கும் தகுதி பார்த்து, இயன்றவரை போட்டித் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்றது. அதன்பின் நியமிப்பது நகரம். ஆனால் தேர்வுப் பட்டியலிலிருந்து.

தேர்வு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? 1977-இல்தான் பெண்கள் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. உடல் திறன் சோதனையில் ஒரு பெண்கூடத் தேறவில்லை. பிரெண்டா பெர்க்மன் வழக்குத் தொடுத்தார். அந்தச் சோதனை வேலைக்கு வேண்டிய திறனைச் சரியாக அளக்கவில்லை என்று 1982-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனை மாற்றப்பட்டது, அவ்வாண்டே சுமார் 40 பெண்கள் பணியில் சேர்ந்தனர்.

அதிகாரம் ஊர் கையில் இருக்கலாம். விதி எல்லாருக்கும் தெரிய வேண்டும், வேலைக்கும் பொருந்த வேண்டும். நம் சங்கம் அடுத்த முறை காவலாளியை நியமிக்கும்போது கேளுங்கள்: என்ன தகுதி வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோமா? அந்தத் தகுதி உண்மையில் அந்த வேலைக்குத் தேவைதானா?