நகராத செல்வம்: யாப் தீவின் கல் பணம்

மேற்குப் பசிபிக் பெருங்கடலில், பிலிப்பைன்சுக்குக் கிழக்கே, இன்று மைக்ரோனேசியக் கூட்டரசின் ஒரு மாநிலமாக விளங்கும் யாப் தீவுக்கூட்டத்தில், ஊர்ப் பொதுவிடங்களிலும் வழியோரங்களிலும் வீட்டு முற்றங்களிலும் நடுவில் துளையிட்ட வட்டக் கற்கள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. தீவினர் ‘ராய்’ என வழங்கும் இக்கற்களே பல தலைமுறைகளாக அங்கு உயர்ந்த செல்வமாக மதிக்கப்பட்டவை. உள்ளங்கையில் அடங்கும் சிறு கல்லும் உண்டு, 3.6 மீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ நான்கு டன் எடையும் கொண்ட பெருங்கல்லும் உண்டு. பெரிய கற்கள் ஒருமுறை நிறுத்தப்பட்ட பிறகு பெரும்பாலும் அவ்விடத்தை விட்டு அசைவதில்லை. ஊரறிய உரிமை மட்டுமே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்கிறது.

இக்கற்களை வெட்டுவதற்கான சுண்ணாம்புப் பாறை யாப்பில் கிடையாது. அது தென்மேற்கே சுமார் 450 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பலாவ் தீவுகளில், கடலோரக் குகைகளிலும் மேடுகளிலும், படிகம்போல் மின்னும் வகையில் கிடைக்கிறது. ஆகவே யாப்பின் ஊர்த்தலைவர்கள் இளைஞர்களைத் திரட்டி, பக்கமிதவை பொருத்திய பாய்மர ஓடங்களில் அங்கு அனுப்பினர். பலாவ் தலைவர்களின் இசைவைப் பெற உழைப்பும் பொருளும் கொடுக்க வேண்டியிருந்தது. இரும்பு அறியாத அக்காலத்தில், கடலில் விளையும் பெருஞ்சிப்பியின் ஓட்டைத் தீட்டிச் செய்த வாய்ச்சிகளைக் கொண்டே பாறையைக் கொத்தி, வட்டமாக்கி, நடுவில் துளையிட்டனர். அத்துளையில் மரக்கழியைச் செருகித் தோள்மேல் சுமந்து கரைக்குக் கொண்டுவரவே அந்த வடிவம். பிறகு ஓடத்திலோ, பெருங்கல்லாயின் ஓடத்தின் பின்னே கட்டிய தெப்பத்திலோ ஏற்றித் திறந்த கடலைக் கடந்தனர். பாறை சரிந்தும் புயலில் சிக்கியும் பலர் மாண்டனர். மீண்டு வந்த கற்களில் பெரியவற்றைத் தலைவர் தம் பங்காக எடுத்துக்கொண்டார்.

எனவே ஒரு கல்லின் மதிப்பை அதன் அளவு மட்டும் தீர்மானித்ததில்லை. வேலைப்பாட்டின் நேர்த்தி, கல்லின் மினுமினுப்பு, கொண்டுவந்தவர் யார், அந்தப் பயணத்தில் உயிர்நீத்தவர் எத்தனை பேர், பின்னர் எவ்வெக் குடும்பங்களின் கைகளில் அது இருந்தது என்பனவெல்லாம் சேர்ந்தே அதன் விலையாயின. சில கற்களுக்குத் தனிப்பெயரும் இடப்பட்டது. சந்தையில் மீனும் கிழங்கும் வாங்கக் கல்லைக் கொடுப்பவர் இலர். திருமண உறவு, நிலவுரிமை மாற்றம், குற்றத்துக்கான ஈடு, ஊர்களுக்கிடையிலான நட்பு, போரில் வீழ்ந்தவரின் உடலை மீட்டல் போன்ற பெருங்காரியங்களுக்கே அது பயன்பட்டது. இந்த அளவில் ‘பணம்’ என்னும் சொல் அதற்குப் பாதியே பொருந்துகிறது. குலப்பெருமையைச் சாட்சியோடு காத்துவைக்கும் பத்திரம் என்பது இன்னும் நெருங்கிய விளக்கமாகும்.

இத்தன்மையை உலகறியச் செய்தவர் 1903-இல் யாப்பில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் ஹென்றி ஃபர்னஸ். 1910-இல் வெளிவந்த அவரது நூலில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உள்ளது. அருகிலிருந்த ஒரு சிற்றூரில் ஒரு குடும்பத்தின் செல்வம் ஐயத்துக்கிடமின்றி யாவராலும் ஏற்கப்பட்டிருந்தது. ஆயினும் அச்செல்வத்தை அக்குடும்பத்தார் உட்பட யாரும் கண்ணால் கண்டதில்லை. சில தலைமுறைகளுக்கு முன் அவர்களின் முன்னோர் வெட்டிய மாபெரும் கல், திரும்பும் வழியில் புயல் எழுந்தபோது, உயிர் காக்கத் தெப்பத்தை அறுத்துவிட நேர்ந்ததால் கடலில் மூழ்கியது. கல்லின் அளவும் அழகும் சிறந்தவை என்றும், இழப்பு அவர்களின் குற்றமன்று என்றும் உடன்சென்றோர் கரையேறிச் சான்று கூறினர். அச்சொல் போதுமானதாயிற்று, கடலடியில் கிடந்த கல் வீட்டு முற்றத்தில் நிற்கும் கல்லுக்கு நிகராகவே மதிக்கப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழக்கத்தில் பெரிய மாறுதல் நேர்ந்தது. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய டேவிட் டீன் ஓகீஃப் என்னும் மாலுமி 1871-இல் யாப்பை அடைந்தார். அவர் வேண்டியது ஹாங்காங் சந்தையில் விலைபோகும் கொப்பரையும் கடலட்டையும். துணிக்கும் மணிக்கும் மயங்காத யாப் மக்கள் ஐரோப்பிய வணிகர்களுக்காக உழைக்க முன்வரவில்லை. அவர்கள் உண்மையில் விரும்புவது கல்லையே என்று உணர்ந்த ஓகீஃப், தம் கப்பலில் அவர்களைப் பலாவுக்கு ஏற்றிச்சென்று, இரும்புக் கருவிகளைக் கொடுத்து, வெட்டிய கற்களைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். கூலியாகக் கொப்பரையைப் பெற்றார். 1880-களின் தொடக்கத்தில் பலாவுக்குச் சென்ற ஆய்வாளர் யோகான் குபாரி, அங்கு ஏறத்தாழ 400 யாப் ஆடவர் கல் வெட்டிக்கொண்டிருந்ததாகக் குறித்துள்ளார்.

மிகப் பெரிய கற்கள் பல இக்காலத்தில் வந்தவையே. ஆனால் தீவினர் அவற்றைப் பழைய கற்களோடு ஒன்றாக எண்ணவில்லை. சிப்பி வாய்ச்சியால் கொத்தி ஓடத்தில் வந்த சிறிய கல், இரும்பால் வெட்டிக் கப்பலில் வந்த பெரிய கல்லைவிட மேலாக மதிக்கப்பட்டது. வரத்துப் பெருகினால் செல்வத்தின் மதிப்பு குன்றும் என்பதை எந்த நூலையும் படிக்காமலேயே அறிந்திருந்த இச்சமூகம், கல்லின் வரலாற்றையே தரச்சான்றாகக் கொண்டு தன் பழஞ்செல்வத்தைக் காத்துக்கொண்டது. ஓகீஃப் 1901-இல் கடலில் மறைந்தார். அவரை ‘தீவின் அரசர்’ ஆக்கிய கதைகளும் 1954-இல் வந்த ஹாலிவுட் படமும், பாறையைக் கொத்தியவர்களின் கைகளை மறைத்துவிட்டன என்றே கூற வேண்டும்.

1899-இல் ஸ்பெயினிடமிருந்து யாப்பை உள்ளடக்கிய கரோலின் தீவுகளை விலைக்கு வாங்கிய ஜெர்மனி, பாதைகளைச் செப்பனிடுமாறு ஊர்த்தலைவர்களுக்கு ஆணையிட்டது. வெறுங்காலால் நடப்போருக்கு இருந்த பாதையே போதும் என்பதால் ஆணை கிடப்பில் கிடந்தது. அபராதம் விதிப்பதாயினும் பெயர்த்துச் செல்லக்கூடிய பொருள் இல்லை. ஆகவே அதிகாரிகள் ஆள் அனுப்பி, மதிப்புமிக்க கற்கள்மேல் கறுப்பு வண்ணத்தால் சிலுவைக்குறி இடச் செய்து, அவை இனி அரசுக்கு உரியவை என்றனர். மக்கள் உடனே உழைத்துப் பாதைகளைச் சீராக்கினர், குறிகள் அழிக்கப்பட்டன, செல்வம் மீண்டது. ஃபர்னஸ் பதிவுசெய்த இந்நிகழ்ச்சியில் ஒரு கல்லும் இடம்பெயரவில்லை.

பொருளியலறிஞர் கெயின்ஸ் 1915-இல் ஃபர்னஸின் நூலுக்கு மதிப்புரை எழுதினார். 1991-இல் மற்றொரு பொருளியலறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இந்தச் சிலுவைக்குறி நிகழ்ச்சிக்கு ஓர் இணையைக் காட்டினார்: 1932–33-இல் பிரான்சு நாட்டு மத்திய வங்கியின் வேண்டுகோளால் நியூயார்க் மத்திய வங்கியின் நிலவறையில் தங்கம் தனி இழுப்பறைகளில் பிரித்து வைக்கப்பட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டது, அதனாலேயே ஒரு நாடு இழந்ததாகவும் மற்றது பெற்றதாகவும் உலகம் கருதியது. ஒப்புமை கூர்மையானதே. எனினும் கல்லை வெறும் நம்பிக்கையின் குறியாக மட்டும் காட்டும் இவ்விளக்கம், அந்நம்பிக்கைக்கு அடியில் உழைப்பும் உயிரிழப்பும் கிடப்பதை விட்டுவிடுகிறது. நிலவறைத் தங்கத்துக்கு வெட்டியவரின் பெயர் இல்லை. யாப்பின் கல்லுக்கு உண்டு.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் தீவு ஜப்பானியர் வசமானது. 1929-இல் எடுத்த கணக்கில் 13,000-க்கும் மேற்பட்ட கற்கள் இருந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல உடைக்கப்பட்டுக் கட்டுமானத்துக்குப் பயன்பட்டன. புயல்களும் பலவற்றைக் கொண்டுபோயின. எஞ்சியவை ஏறத்தாழப் பாதியே. சில கற்கள் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. கனடாவின் மத்திய வங்கி ஒட்டாவாவில் நடத்தும் அருங்காட்சியகத்தில் அத்தகைய பெருங்கல் ஒன்று நிற்கிறது.

இன்று யாப்பின் கடைகளில் வழங்குவது அமெரிக்க டாலர். திருமணம், நிலம், பிணக்குத் தீர்த்தல் என்று வரும்போது மட்டும் இன்னும் கல் கைமாறுகிறது. முற்றத்தில் பாசி படர்ந்த கல் நின்ற இடத்திலேயே நிற்க, அது இனி இன்னாருக்கு உரியது என்பதை ஊர் அறிந்துகொள்கிறது.