விரும்பித்தான் போனார்களா?



எங்கள் யுத்தத்தில் துவக்கு ஏந்திய பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவர்கள் விரும்பித்தானே போனார்கள் சேர்?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு பகுதியினர் தாங்களாகப் போனது உண்மை. காரணங்களும் இருந்தன. 1983 ஜூலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இடப்பெயர்வும் ஷெல்லடியும்தான் தெரிந்த உலகம். 1995 செப்டெம்பர் 22 அன்று நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் விமானப்படையின் குண்டுகள் விழுந்து பல மாணவர்கள் இறந்தார்கள். அதில் தப்பிய ஒரு பிள்ளையின் மனதில் என்ன ஓடியிருக்கும்? தகப்பனை இழந்த பிள்ளைக்கும், முகாமில் பசியோடு படுத்த பிள்ளைக்கும் வேறு எத்தனை வழிகள் இருந்தன?

ஆனால் இதை வைத்து முழுக் கதையையும் முடித்துவிட முடியாது. 1998 மே மாதம் ஐ.நா.வின் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வந்தபோது, 17 வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை, 18க்குக் கீழே சண்டைக்கு அனுப்புவதில்லை என்று விடுதலைப் புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு நிற்கவில்லை. 2003 முதல் 2008 முடிவு வரை புலிகள் சேர்த்த சிறுவர்கள் என யுனிசெஃப் பதிந்தவை 6,000க்கு மேல். அதில் பெரும்பகுதி போர்நிறுத்த உடன்படிக்கை இருந்த காலம் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் 2004இல் கிழக்கில் கிடைத்தது. அந்த மார்ச் மாதம் கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் சண்டை நடந்தது. சில நாட்களில் அவர் தன் படையைக் கலைத்தார். அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீடு திரும்பினார்கள். கதவு திறந்ததும் பிள்ளைகள் போன இடம் தாயின் வீடு. சில மாதங்களுக்குள் புலிகள் வீடு வீடாக வந்து அதே பிள்ளைகளைத் திரும்பக் கேட்டார்கள். தாய்மார் கூட்டமாக நின்று மறித்த ஊர்களும் உண்டு. 2006இல் கருணா அணி அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளிலேயே பிள்ளைகளைக் கடத்தியது. பாதுகாப்புப் படையினரில் ஒரு பகுதியினர் அதற்குத் துணைபோனார்கள் என்று அந்த நவம்பரில் ஐ.நா. சார்பில் வந்த அலன் ரொக் பகிரங்கமாகச் சொன்னார். ஆக, பிள்ளை பிடித்ததில் ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது.

வன்னியில் கடைசி வருடங்களில் பெற்றோர் பட்ட பாடு இன்னொரு சாட்சி. மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் கட்டி வைத்தார்கள். பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்தார்கள். விரும்பிப் போகிற பிள்ளையை யார் ஒளிப்பார்கள்?

கொங்கோவில் சிறுவர்களைப் படையில் சேர்த்த தோமஸ் லுபங்காவை 2012இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. பிள்ளை சம்மதித்தது என்ற வாதம் குற்றத்துக்கு எதிர்வாதம் ஆகாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு வருடக்கணக்கில் வகுப்பறையில் இருந்த எந்த ஆசிரியருக்கும் இது புதிய செய்தி அல்ல. அந்த வயதில் இன்று டொக்டர் ஆகப்போகிறேன் என்பார்கள், நாளைக்குப் பைலட் என்பார்கள். அதனால்தான் அந்த வயதுக்காரரிடம் நாங்கள் வாக்குச்சீட்டுக் கூடக் கொடுப்பதில்லை.

2009 மேயில் யுத்தம் முடிந்தபின் புனர்வாழ்வுக்குச் சென்ற சிறுவர்கள் 594 பேர். 364 ஆண்கள், 230 பெண்கள். திரும்பி வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. வந்தவர்களும் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதைப் பதுங்குகுழியில் கழித்தவர்கள். உடம்பில் இரும்புத் துண்டோடு கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இராணுவம் சந்தேகத்தோடு பார்த்தது, ஊரும் சில வேளை ஒதுக்கியது. பெண்பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது அந்தப் பழைய கதை குறுக்கே நின்றது.

அவர்களுக்கு இன்று முப்பது, நாற்பது வயது. உங்களில் பலரின் வயதுதான். ஊருக்கு வரும்போது அவர்களைச் சந்தித்தால் வீரக்கதை கேட்காதீர்கள், குற்றமும் சாட்டாதீர்கள். அவர்களின் பிள்ளைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் படிப்புக்கு உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்